இலுப்பை வாசம் அடித்தால் இடப்பக்கம்

கோபித்துக்கொண்டு கிளம்புகிற ஆம்பளைகள் வழக்கமாக மகள் வீட்டுக்குப் போவார்கள். மகள் இல்லாதவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். ஆவுடையப்பன் மலைக்குப் போய்விட்டார். அதுவும் வெறும் வயிற்றில், சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு.

அதை விடிந்ததும் கண்டுபிடித்தவள் அவருடைய மருமகள் செண்பகவல்லி. சாஸ்தா கோயிலுக்குப் பின்னால் குடும்பங்கள் தங்கியிருந்த பந்தலில் மாமனாரின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேலே மாத்திரை அட்டை, புதிதாகக் கிழிந்த ஒரு குழியோடு. பக்கத்தில் அவள் கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலம், நூல்கூட அவிழ்க்காமல். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இட்லியைப் பார்த்ததும் வந்த கோபம்தான். போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் இதே கூத்து நடந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு பந்தி லேட்டாகிவிட்டதென்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தவர், வேர்த்துக் கொட்டி, வாய் குழறிச் சாய்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி எழுப்பினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆகி, கைக்கு இனிப்பு கிடைக்காவிட்டால் மனுஷன் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் மருமகளைக் கூப்பிட்டுத்தான் சொன்னார். மகனைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. அவன் லாரியோடு நாக்பூர் பக்கம் எங்கோ இருந்தான்.

சண்டை என்னவென்று கேட்டால் ஊரே சிரிக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் சிரிக்கவில்லை. சாமியின் பெயர் மணிகட்டிச் சாஸ்தா. கோயிலில் மட்டும் மணி கிடையாது. ஆதியில் சாமி மலைக்குள் மேல்கோயிலில் இருந்ததாகவும், அங்கே பெரிய வெண்கல மணி ஒன்று தொங்கியதாகவும் சொல்வார்கள். மேல்கோயில் எங்கே என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பங்குனி உத்திரத்துக்கு முதல் பரிவட்டம் யாருக்கு என்று ஆவுடையப்பன் வகையறாவும் அவருடைய பங்காளி சங்கிலிமுத்து வகையறாவும் வருஷா வருஷம் மோதிக்கொள்வார்கள். இந்த வருஷம் சங்கிலிமுத்து, "உங்க வகையறாதான் சாமியைச் சுமந்து எறக்குனாகன்னா, மணியை எங்கவே விட்டுட்டு வந்திய?" என்று நடுப்பந்தலில் கேட்டுவிட்டார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் குத்தியது. மணியோடு வருவேன், இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்று ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உதறாத துண்டா?

செண்பகவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். வனக்காவலரிடம் சொன்னதில் அவர் ஆட்கள் ஆற்றுப் பாதையில் தேடப் போனார்கள். மேற்குச் சரிவைக் குடும்பத்தார் பார்ப்பதாக ஏற்பாடு. குடும்பத்தார் என்றால் அவளும், அவள் ஒன்றுவிட்ட கொழுந்தன் தினகரும். தினகர் காட்டில் உயிர் பிழைப்பது எப்படி என்று வீடியோ போடுகிறவன். அதுவரை அவன் உயிர் பிழைத்த காடு அவர்கள் தெருக்கோடியிலிருந்த கருவேலங்காடுதான். உடம்பெல்லாம் பை வைத்த கால்சட்டையும் இடுப்பில் அரிவாளுமாக வந்து நின்றான்.

மூன்றாவதாகச் சங்கிலிமுத்துவும் வந்தார். பங்காளி மேல் பாசமாக்கும் என்று யாரும் ஏமாற வேண்டாம். தேடுகிற சாக்கில் இவர்கள் மணியைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்கிற கவலை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் குடை.

"நீங்க வாயத் தெறக்காம வாரதா இருந்தா வாங்க சின்ன மாமா," என்றாள் செண்பகவல்லி.

அவர் வாயைத் திறக்காமல் நடந்தது முதல் திருப்பம் வரைக்கும்தான். அங்கே காற்றில் புளித்த கள்ளும் தேனும் கலந்தாற்போல ஒரு கனத்த வாசம் வந்தது. உடனே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, குடையை இடப்பக்கமாக நீட்டினார். "இலுப்பை. திரும்புங்க."

இது அந்தக் குடும்பத்துக் கட்டுப்பாடு. இலுப்பை அவர்களுக்கு ஆகாது. பூவைத் தொடக் கூடாது, நிழலை மிதிக்கக் கூடாது, வாசம் அடித்தால் இடப்பக்கமாக ஒதுங்கிப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். செண்பகவல்லிக்கு அந்த வாசம் பிறந்த வீட்டு வாசம். சங்கரன்கோவில் பக்கம் அவள் அப்பாவுக்குச் செக்கு இருந்தது. இலுப்பை எண்ணெய் ஆட்டுவார்கள். காய்ந்த பூவைப் புளியங்கொட்டையோடு வறுத்துத் தின்றுதான் அவளும் அவள் அண்ணன்மாரும் வளர்ந்தார்கள். கல்யாணமாகி வந்த அன்று விளக்குக்கென்று அவள் கொண்டுவந்த எண்ணெயை மாமியார் வாசலோடு வாங்கிச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோபம் போகவில்லை.

ஆனாலும் அவள் இடப்பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியது மாமனார், வழக்காட நேரமில்லை.

சாப்பாட்டுப் பை தினகரிடம் இருந்தது. இட்லி, வெல்லம், மாமனாருக்கென்று எடுத்த குளுக்கோஸ் பொட்டலம், எல்லாம் அதில்தான். ஓடைப் பாறையில் பையை வைத்துவிட்டு அவன் செல்போனை உயர்த்தி, "நண்பர்களே, அடர்ந்த வனத்துக்குள்ளே..." என்று ஆரம்பித்தான். அடர்ந்த வனத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. கல்லெறிந்தார்கள், கத்தினார்கள். உச்சாணிக் கிளையில் அது வெல்லத்தை நக்கியது. குளுக்கோஸ் பொட்டலத்தைக் கடித்துக் கிழித்ததும் வெள்ளைத் தூள் காற்றோடு பறந்தது. தூள் கரைந்து மறைகிற வரைக்கும் செண்பகவல்லி அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவள் கொழுந்தனைப் பார்த்த பார்வையில் அவன் செல்போன் தானாகவே கால்சட்டைப் பைக்குள் போனது.

"மதினி, காட்டுல ஒவ்வொரு மரமும் ஒரு ஓட்டல் மதினி. பட்டைக்கு உள்ள இன்னொரு பட்டை இருக்கும். அதைத் தின்னே வெளிநாட்டுல மாசக்கணக்கா இருந்திருக்காங்க," என்றான் தினகர், சமாதானமாக.

வெளிநாட்டு மரம் எது, உள்நாட்டு மரம் எது என்று அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கருமருது மரத்தின் பட்டையைச் செதுக்கி வாயில் போட்டான். நாக்கு துவர்த்துத் தடித்து, நெடுநேரம் பேச்சே வரவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது என்று மற்ற இருவரும் நிம்மதியாக நடந்தார்கள்.

வெயில் ஏறியது. புளியமரம் ஒன்று தளிர் விட்டிருந்தது. செண்பகவல்லி கொழுந்தை உருவி ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தாள். புளிப்பில் வாய் ஊறி, தாகம் கொஞ்சம் அடங்கியது. ஈச்சம்புதர் ஒன்றைத் தினகர் அரிவாளால் பிளந்து, நடுவில் விரல் தடிமனுக்கு வெள்ளைக் குருத்து எடுத்தான். மொறுமொறுவென்று இளந்தேங்காய் மாதிரி இருந்தது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. செண்பகவல்லி தன் பங்கைத் தின்னவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆனால் குருத்தில் இனிப்பு பேருக்குத்தான் இருந்தது. கிடக்கிற மனுஷனை எழுப்ப அது போதாது என்று அவளுக்குத் தெரியும். இனிப்பு, நல்ல இனிப்பு வேண்டும்.

"மதினி, ஆரஞ்சு!"

ஒரு மரத்தடியில் செம்மஞ்சளாக உருண்டை உருண்டையாகப் பழங்கள் கிடந்தன. தினகர் ஒன்றை உடைத்துச் சதையை வாய்க்குக் கொண்டு போய்விட்டான். அவள் பாய்ந்து அவன் கையில் ஓங்கி அடித்தாள். பழம் தெறித்து, தட்டைத் தட்டையாகக் கொட்டைகள் சிதறின.

"எட்டிப் பழம்ல அது, மூதி! ரெண்டு பொணத்தைத் தூக்கிட்டு எறங்கச் சொல்லுதியா என்னை?"

தினகர் கையைச் சேற்றில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பிறகு அவன் வீடியோ பற்றிப் பேசவே இல்லை.

சங்கிலிமுத்து முன்னே போனார். இலுப்பை வாசம் வரும். குடை இடப்பக்கம் நீளும். கொஞ்சம் நடந்தால் மறுபடி வாசம், மறுபடி இடப்பக்கம். முள்ளும் சரளையுமாக மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தால், எதிரே பிளந்த ஈச்சம்புதர். தினகரின் அரிவாள் வெட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

செண்பகவல்லி நின்றுவிட்டாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் ரத்தம் தலைக்கு ஏறியது. இடப்பக்கம், இடப்பக்கம் என்று திரும்பினால் செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைத்தானே சுற்ற முடியும்? மாமனாரும் இதே கட்டுப்பாட்டுக்காரர். அவரும் இப்படித்தான் காலையிலிருந்து சுற்றியிருப்பார், கால் ஓய்கிற வரைக்கும். அப்படியானால் இந்த வட்டத்தின் ஓரத்தில்தான் எங்கோ கிடக்கிறார். சுற்றிப் போக நேரமில்லை. குறுக்கே போனால் சீக்கிரம். குறுக்கே இருந்தது இலுப்பைக் காடு.

சங்கிலிமுத்து குடையை விரித்து வழியை மறித்தார். குலம் விளங்காது என்றார், சாமி கண்ணைக் கெடுக்கும் என்றார், வந்தவளுக்கு எங்கே தெரியும் எங்க வழக்கம் என்றார். கடைசியில் சொன்னதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஆமா, வந்தவதான். வந்தவ சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அங்க கெடக்கிறது உங்க அண்ணன். அவுக எந்திரிக்கலன்னா, உங்க பரிவட்டத்தைப் பாடையில கட்டுவேன். தள்ளுங்க."

குடை தானாக மடங்கியது.

அவள் உள்ளே ஓடினாள். காலடியில் பூ, பூ, மெத்தை மெத்தையாக வெளுத்த மஞ்சள் பூ. மிதிபட்டு நசுங்கி வாசம் மூச்சை அடைத்தது. ஓடுகிற ஓட்டத்திலும் அவள் கண்ணில் ஒன்று பட்டது. மரங்கள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் தெரு மாதிரி இடைவெளி. காட்டு மரம் எங்கேயாவது வரிசையில் நிற்குமா? யாரோ நட்ட மரங்கள். அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

தோப்பின் மறு ஓரத்தில் ஆவுடையப்பன் கிடந்தார். நிழல் தன் மேல் படக்கூடாதென்று வெயிலிலேயே சாய்ந்திருந்தார், அந்த நிலையிலும்! சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. யாரையோ திட்டுவதுபோல உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. அவர் கை எட்டுகிற தூரத்தில் இலுப்பைப் பூ குவிந்து கிடந்தது.

செண்பகவல்லி அவரை இழுத்து நிழலில் போட்டு, தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பூவை எடுத்து, நடுவிலிருந்த நரம்பைக் கிள்ளி எறிந்து, சதையை விரலுக்கிடையில் பிழிந்தாள். சாறு திராட்சைச் சாறு போலக் கசிந்தது. கன்னத்து ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வாசம் தெரிந்துவிட்டது போல.

"தெறங்க வாயை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பந்தல்ல இட்லி வேண்டாம், காட்டுல பூவும் வேண்டாமா? மகன் வந்து அப்பா எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? முழுங்குங்க மாமா. முழுங்கிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க." சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் ஓடி அவர் நெற்றியில் விழுந்தது. துடைக்க அவளுக்குக் கை காலியாக இல்லை.

தொண்டை ஏறி இறங்கியது. அவள் இன்னும் பிழிந்தாள்.

தோப்பைச் சுற்றிக்கொண்டு, இடப்பக்கமாகவே, மற்ற இருவரும் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார்கள். வாயில் வைக்காதே என்று சங்கிலிமுத்து கத்தினார். ஆவுடையப்பனின் விழி மெல்லத் திரும்பிப் பங்காளியைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்து, "இவன்... எதுக்கு... வந்தான்?" என்றது. நினைவு வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இன்னும் பூ வேண்டியிருந்தது. பக்கத்தில் கிடந்ததெல்லாம் மிதிபட்டு மண்ணாகிவிட்டது. மாமனாரைத் தினகர் மடிக்கு மாற்றிவிட்டு அவள் முந்தானையை விரித்துக்கொண்டு தோப்பின் நடுவுக்குப் போனாள். அங்கே நல்ல பூ குவியலாகக் கிடந்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு முதுகும் கிடந்தது. அவள் பாறை என்று நினைத்தாள். பாறை தலையைத் தூக்கி, மூக்கிலிருந்து பூவை உதறியது.

கரடி!

அது பின்னங்காலில் எழுந்து நின்று உறுமியது. நெஞ்சில் வெள்ளை வளைவு, கையில் கத்தி கத்தியாக நகம். ஓடினால் அது தன்னைத் துரத்திக்கொண்டு மாமனார் கிடக்கிற இடத்துக்கே வரும். அவள் ஓடவில்லை. கண்ணை எடுக்காமல் பின்னுக்குப் பின்னே நகர்ந்தாள். குதிகால் ஒரு கல்லில் தட்டியது, கல்மேடை. ஏறினாள். முதுகு கொடிப் புதரில் மோதியது. கொடிக்கு உள்ளே ஏதோ ஜில்லென்று, வழவழவென்று வளைந்திருந்தது. கரடி முன்னால் வந்தது. அவள் காலடியில் பாசி பிடித்து, குட்டை உலக்கை போல ஒரு கனத்த வெண்கலத் துண்டு கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கி, எதன் மேல் சாய்ந்திருந்தாளோ அதன் மேலேயே, அதுவரை தேக்கி வைத்திருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி அடித்தாள்.

மலையே அதிர்ந்தது.

கொடிகள் அறுந்து விழுந்தன, வௌவால்கள் சிதறின. கரடி நாலு காலில் விழுந்து சரிவில் உருண்டு ஓடியது. அவள் விடவில்லை. குரங்குக்கு ஒரு அடி. சாக்கடையில் போன எண்ணெய்க்கு ஒரு அடி. சின்ன மாமாவின் குடைக்கு இரண்டு அடி. கை மரத்த பிறகுதான் என்னத்தை அடிக்கிறோம் என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு கல்தூணுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்துக்கு, பச்சை படிந்த மணி ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்தது அதன் கழன்று விழுந்த நாக்கு. மேடையில் எண்ணெய் ஊறிக் கறுத்த கல்விளக்குகள் வரிசையாக இருந்தன.

செக்குக்காரர் மகளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாமிக்கு விளக்கெரிக்க நட்ட தோப்பு இது. பூவைப் பறிக்காதே, பறித்தால் காய் ஏது, எண்ணெய் ஏது என்று எந்தக் காலத்திலோ ஒருவர் நல்லதாகச் சொல்லி வைத்திருப்பார். பூவைப் பறிக்காதே என்பது பூவைத் தொடாதேயாகி, நிழலை மிதிக்காதேயாகி, வாசம் அடித்தால் ஓடிப் போ என்று ஆகிவிட்டது. சாமி வீட்டு வாசலுக்கே வந்து, வாசம் பிடித்து, பக்தியோடு இடப்பக்கம் திரும்பித் திரும்பியே ஒரு குலம் முழுக்க மேல்கோயிலைத் தொலைத்திருந்தது.

மணிச் சத்தம் கேட்டு ஆற்றுப் பாதையிலிருந்து வனக்காவலர்கள் ஓடி வந்தார்கள். மணியைப் பார்த்து அவர்களே மலைத்துப் போனார்கள். மேடை மட்டும் தெரிந்த இடம்தானாம். கரடி மேடை என்று பெயராம். உங்க ஆட்களில் ஒருத்தர்கூட இந்தப் பக்கம் வந்ததில்லையே, வழி கேட்டதும் இல்லையே என்று அவர்களில் ஒருவர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

ஆவுடையப்பனைக் கம்பில் வேட்டி கட்டித் தூக்கினார்கள். ஒரு முனையைத் தூக்கியவர், வேறு வழியில்லாமல், சங்கிலிமுத்து. வழியெல்லாம் கனம் கனம் என்று அவர் முனக, கிடந்தவர் தூக்கத் தெரியலை தூக்கத் தெரியலை என்று முனகினார். செண்பகவல்லி மணியின் நாக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவ்வப்போது ஒரு பூ மாமனார் வாய்க்குப் போயிற்று. அவர் கேட்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

கோயில் வாசலில் கொட்டு முழங்கியது. மணிச் சத்தம் அடிவாரம் வரை கேட்டிருந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். கம்பைக் கீழே வைத்த கையோடு சங்கிலிமுத்து பூசாரியிடம் போனார். மணியைத் தானும் கண்ணால் கண்டதாகவும், ஆவுடையப்பன் இலுப்பையைத் தின்று குலத்துக்குத் தீட்டாகிவிட்டதாகவும், ஆகவே முதல் பரிவட்டம் தன் வகையறாவுக்கே என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கூட்டம் ஆவுடையப்பனைப் பார்த்தது. அவர் திண்டில் சாய்ந்தபடி, சத்தம் போடாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தின்னேன். என் மருமக ஊட்டுனா. நாளைக்கு அவ தந்தாலும் தின்பேன்."

செண்பகவல்லி மணியின் நாக்கைப் பூசாரி காலடியில் வைத்துவிட்டுச் சங்கிலிமுத்துவுக்கு நேரே போய் நின்றாள். மணியடித்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது தோப்புக்குள்ளே மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது யார் என்று அவளுக்கல்லவா தெரியும்? பசி யாரை விட்டது?

"சின்ன மாமா," என்றாள் மரியாதையாக, "கொஞ்சம் வாயைத் தெறந்து ஊதிக் காட்டுங்க."

பிறந்ததிலிருந்து மூடாத அந்த வாய் இறுக மூடிக்கொண்டது. அவர் வெள்ளைச் சட்டைப் பை பழுப்பாக நனைந்து, கள்ளும் தேனும் கலந்தாற்போல மணத்தது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடுத்த நொடி பந்தலே சிரித்தது. இரண்டு வகையறாவும் சேர்ந்து சிரித்தது அந்தக் கோயிலில் அதுதான் முதல் தடவை.

மணியை முதலில் அடித்தது யார் என்று பூசாரி கேட்டார். பொம்பளைக்கா பரிவட்டம் என்று ஒரு கிழம் முனகியது; ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. பட்டுத் துணியை மடித்து அவள் தலையில் கட்டினார்கள்.

அவள் முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை. பரிவட்டத்தோடு நேரே பந்திக்குப் போய் இலை போட்டு, சோறு வைத்து, மாமனாரை அதன் முன்னால் உட்கார வைத்தாள். கோபப்படுவதானால் சாப்பிட்டுவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம், அதுதான் இனி இந்தக் குடும்பத்துக் கட்டுப்பாடு என்றாள்.

சாம்பாரில் உப்பு இல்லை என்று ஆவுடையப்பன் ஆரம்பித்தார். மருமகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவர் குனிந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றார்.